நடுவில் முழங்கால் போட்டவருக்கு

அக்கா,

நேற்று மத்தியானம் ஷீலா ஆட்டோவில் வந்து இறங்கினாள். மடியில் உங்கள் பீங்கான் ஜாடி. "ஆன்ட்டி, வீட்ட காலி பண்றோம். இது உங்களுக்குத்தான்னு அம்மா சொல்லி வெச்சிருந்தாங்க" என்று என் கையில் கொடுத்துவிட்டு, ஒரு வாய் காப்பி கூடக் குடிக்காமல் போய்விட்டாள். அவளும் உங்களைப் போலத்தான், நின்ற இடத்தில் நிற்கமாட்டாள். நான் மூடியைத் திறந்தேன். உள்ளே காய்ந்த மரக்கரண்டியைத் தவிர ஒன்றுமில்லை. வாசனை மட்டும் இருந்தது. நீலத் திராட்சையும் கிராம்பும் சேர்ந்து புளித்த அந்த வாசனை. அதற்குள் முகத்தை வைத்ததுமே, அன்றைக்கு உங்கள் ஜோகுபாளையம் வீட்டில் இருந்தவர்கள் எல்லாரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

சொல்கிறேன், சரிபாருங்கள். ஜன்னலோரம் பாக்கியம் பெரியம்மா, கையில் மூக்குப்பொடி டப்பி. அவருக்குப் பக்கத்தில் நர்ஸ் சாராள், ட்யூட்டி முடிந்து வெள்ளைப் புடவையோடு அப்படியே வந்தவள். தரையில் மேரி புஷ்பம், வடிகட்டும் துணியை நாலாக மடித்துக்கொண்டு. வாசற்படியில் தேவிகா, கன்னடக்கார வீட்டிலிருந்து நம் கோயிலுக்குக் கலியாணமாகி வந்தவள். ஜாடிக்கு அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் நான். ஆறு பேர் ஆயிற்று. ஏழாவதாக ஒருத்தி உங்கள் கட்டில்மேல் உட்கார்ந்திருந்தாள். அவள் பேரை நான் வாயால் சொல்லிப் பல வருடங்கள் ஆகின்றன. மூன்றாம் பெஞ்சுக்காரி என்றால் உங்களுக்குத் தெரியும்.

அது காவிரிக் கலவரம் ஓய்ந்து அடுத்து வந்த லெந்து, ஈஸ்டருக்கு முந்திய தபசு நாட்கள். ஊர் அப்போதுதான் மூச்சு விட ஆரம்பித்திருந்தது. நம் கோயிலில் திருவிருந்துக்குக் கடையில் வாங்கிய திராட்சை ரசம் வைக்கிற பழக்கம் இல்லை. மாசியில் திராட்சை மலிந்து வரும்போது வாங்கி, பெண்களே கையால் பிசைந்து, சர்க்கரையும் கிராம்பும் போட்டு ஜாடியில் கட்டி வைப்பார்கள். பெரிய வியாழனுக்கு அது பீடத்துக்குப் போகும். அதற்கெல்லாம் நீங்கள்தான் தலைவி. பீடத்துத் துணி தைப்பதும் நீங்கள், ரசம் போடுவதும் நீங்கள். அதுவரை அந்த வேலைக்கு என்னை யாரும் கூப்பிட்டதில்லை. என் வீட்டுக்காரர் கார்ப்பரேஷனில் தெருக் கூட்டுகிறவர். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. கோயிலில் எங்களுக்கு இடம் உண்டு, பின்னால் உண்டு. முன்னால் வந்து இதைப் பிடி என்று சொல்ல ஆள் கிடையாது.

நீங்கள் சொன்னீர்கள். "ஞானம், இந்த வருஷம் நீ வா. உன் கை பலம் யாருக்கும் இல்ல."

சிவாஜி நகர் மார்க்கெட்டுக்கு இரண்டு பேரும் பஸ்ஸில் போனோம். ஞாபகம் இருக்கிறதா? பஸ் ஜன்னலுக்கு வெளியே ஜகராந்தா மரம் ஊதாவாகப் பூத்துக் கிடந்தது. இரண்டு கூடை நீலத் திராட்சை கேட்டதும், பழக்கடை பாய் சிரித்தான். "க்யாம்மா, ஒயின் பேக்டரி தொறக்கறீங்களா?" நீங்கள் உடனே, "ஆமா பாய், ஓனர் மேல இருக்கார், நாங்க கூலிக்காரங்க" என்று வானத்தைக் காட்டினீர்கள். அவன் ஒரு கை திராட்சையை அள்ளிக் கூடுதலாகப் போட்டான். வரும் வழியெல்லாம் அந்தக் கூடுதல் பழத்தை இரண்டு பேரும் தின்றோம். ஆண்டவருக்கு வாங்கியதைத் தின்கிறோமே என்று எனக்குப் பயம். "அது அவருக்கு வாங்கினது இல்ல, பாய் நமக்குக் குடுத்தது" என்றீர்கள். எதற்கும் உங்களிடம் ஒரு பதில் இருந்தது.

திராட்சையில் கைவைப்பதற்கு முன் மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினேன். கண்ணாடி வளையல்களைக் கழற்றி உங்கள் தையல் மிஷின் மேல் வைத்தேன். முழங்கை வரை பேசினுக்குள் விட்டுப் பிசைந்தபோது, அந்தக் குளிர்ச்சியை எப்படிச் சொல்வது? ஞானஸ்நானத்தில் தலையில் விழுந்த தண்ணீர் எனக்கு ஞாபகமில்லை, கைக்குழந்தை நான். ஆனால் இந்தக் குளிர்ச்சி இன்றும் கையில் இருக்கிறது. கோயிலில் எனக்கும் ஒரு வேலை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் நம்பினேன்.

ஜாடியைக் கட்டி வைத்தபின் நீங்கள் எல்லாருக்கும் சொன்ன சட்டம் ஒன்றுதான். "ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது. பட்டா போச்சு." தினமும் காய்ந்த மரக்கரண்டியால் ஒரு முறை கலக்க வேண்டும். அது உங்கள் வேலை.

நான்கைந்து நாள் கழித்து, பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். கதவு திறந்திருந்தது. நீங்கள் அவசரத்தில் இருந்தீர்கள், யாருக்கோ ரவிக்கை தைத்துக் கொடுக்க வேண்டும். கரண்டியைக் குழாயில் கழுவினீர்கள். முந்தானையில் ஒரு பக்கம் துடைத்தீர்கள், மறுபக்கம் துடைக்கவில்லை. அப்படியே ஜாடிக்குள் விட்டீர்கள். நான் கதவருகே நின்று பார்த்தேன். அக்காவுக்குத் தெரியாததா என்று நினைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, அப்போதுதான் வந்ததுபோல "ஸ்தோத்திரம்க்கா" என்றேன்.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்திய சனிக்கிழமை வடிகட்ட எல்லாரும் கூடினோம். மேலே சொன்ன ஏழு பேர். நீங்கள் கட்டை அவிழ்த்தீர்கள். மேலே வெள்ளையாகப் பூசணம். காடி நாற்றம் மூக்கில் ஏறியது. சாராள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்போதுதான் கட்டில்மேல் இருந்தவள் பேசினாள். அவள் சொன்னதை ஒரு சொல்லும் விடாமல் இன்றும் சொல்வேன்.

"கூப்பிடக் கூடாதவங்களக் கூப்பிட்டா இப்படித்தான் ஆவும். தெருக் கூட்டுற வீட்டுக் கைய ஆண்டவர் ரசத்துல வெச்சா, அது எப்படிம்மா நிக்கும்?"

பாக்கியம் பெரியம்மா பொடி போட்டார். சாராள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மேரி புஷ்பம் மடித்த துணியையே மறுபடி மடித்தாள். தேவிகா மட்டும், பாவம், "ஹோக்லி பிடி அக்கா" என்றாள். போகட்டும் விடுங்கள் என்று அவள் பாஷையில். யாரிடம் சொன்னாள், கட்டில்மேல் இருந்தவளிடமா என்னிடமா என்று தெரியவில்லை.

நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் கரண்டியைப் பார்த்தீர்கள். உங்கள் வாய் ஒரு முறை திறந்தது, மூடிக்கொண்டது. பிறகு, "சரி, இந்த வருஷம் கடையில வாங்கிக்கலாம்" என்றீர்கள். அவ்வளவுதான்.

மிஷின் மேல் வைத்த வளையல்கள் முதல் நாளிலிருந்து அங்கேயே இருந்தன. எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஓல்டு மெட்ராஸ் ரோடு முழுக்க இரண்டு கையையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நடந்தேன். யாரும் என் கையைப் பார்க்கவில்லை, அது எனக்குத் தெரியும். இருந்தாலும் மறைத்துக்கொண்டேன்.

பெரிய வியாழனுக்கு நான் வரவில்லை. ஈஸ்டரன்று வந்தேன். எங்கள் பெஞ்சு எழுந்து திருவிருந்துக்குப் போனபோது நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். திங்கட்கிழமை காலையில் நீங்கள் என் வீட்டு வாசலில் நின்றீர்கள்.

"ஏன் ஞானம், எழுந்து வரல?"

"ஒரே பாத்திரம். அவ வாய் வெச்ச பாத்திரத்துல நான் வாய் வெக்க மாட்டேன்க்கா. என் கை ஆகாதுன்னு அவ சொன்னா. அவ வாய் ஆகாதுன்னு நான் சொல்றேன்."

"அது அவ பாத்திரமா? ஆண்டவரோடது."

"அப்போ அவர வந்து தனியா குடுக்கச் சொல்லுங்க."

நீங்கள் சிரிக்கவில்லை. என் அடுப்பைப் பார்த்தபடி சொன்னீர்கள். "சரி, நான் நடுவுல வரேன். அவ குடிச்சு, நான் குடிச்சு, எனக்கு அப்புறம் நீ குடி. என் வாய் ஆகும் இல்ல?"

ஆகும் என்றேன்.

மே மாதத்து முதல் ஞாயிறு, முன் பெஞ்சில் இருக்க வேண்டியவர் நீங்கள், எங்கள் முறை வரும்வரை காத்திருந்து பின்னால் வந்து சேர்ந்துகொண்டீர்கள். அவள் பெஞ்சை அடுத்து எழுவது எங்கள் பெஞ்சு. பீடத்துக்கு முன்னாலிருக்கிற கிராதி அண்டை அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான், நடுவில் நீங்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு அதுதான் நம் வரிசை. போதகர் மாறினார், மறுபடி மாறினார். வரிசை மாறவில்லை. எஞ்சிய ஞாயிறுகளில் என் பக்கத்திலேயே உட்காருவீர்கள். பரமண்டல ஜெபத்தில் அந்த மன்னிக்கிற வரி வரும்போது நான் வாயை மூடிக்கொள்வேன். ஒரு நாள் முழங்கையால் இடித்தீர்கள். "அந்த எடத்துல மட்டும் உனக்குத் தொண்ட கட்டிக்குது."

"பொய் சொல்லி ஜெபம் பண்ண எனக்கு வராதுக்கா."

"மன்னிக்க முடியலன்னா அவ பேரயாவது சொல்லு. பேர அவர்கிட்ட சொல்லிட்டு எழுந்து போ. மிச்சம் அவர் வேல."

"அவ பேரு என் வாயில வராது."

"வரும். பல்லு கொட்டினப்புறமாவது வரும்" என்றீர்கள்.

அந்த வருடங்களை நினைத்தால், அக்கா, சண்டையை விடவும் உங்கள் வீடுதான் முன்னால் வருகிறது. மூன்றாம் வகுப்போடு நின்ற எனக்குப் பெரிய எழுத்து பைபிள் ஒன்றை வாங்கிக் கொடுத்து, மிஷினை மிதித்துக்கொண்டே நான் வாசிப்பதைக் கேட்பீர்கள். நான் ஒரு சொல்லில் தடுக்கினால் மிஷின் நிற்கும். நான் அதைச் சரியாகச் சொன்னதும் மறுபடி ஓடும். வெளியே மழை, பக்கத்து வீட்டு ரேடியோவில் கன்னடச் செய்தி, அடுப்பில் உங்கள் ராகிக் களி. சங்கீதம் முழுவதையும் அந்த மிஷின் சத்தத்தோடுதான் படித்து முடித்தேன். இன்றைக்கும் அவற்றை வாசித்தால் நடுநடுவே அந்தச் சத்தம் கேட்கிறது. ஆனால் ஒவ்வொரு மாசியிலும் திராட்சைக்குக் கூப்பிடுவீர்கள். நான் வரமாட்டேன். நீங்கள் வற்புறுத்த மாட்டீர்கள். ஏன் வற்புறுத்தவில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

உங்கள் முட்டி அப்போதே போய்க்கொண்டிருந்தது. மிஷின் மிதித்து மிதித்துத் தேய்ந்த முட்டி. கிராதியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் இறங்குவீர்கள். எழும்போது நொடிக்கிற சத்தம் எனக்குக் கேட்கும். முதல் வருடம் சின்னதாக. பிறகு பெரிதாக. சிலுவையைச் சுமக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளாமல், என்னைப் பார்த்துக் கண்ணடிப்பீர்கள். கோயிலில் எல்லாரும் உங்களைச் சமாதானம் பண்ணுகிறவள் என்றார்கள். எனக்கு மட்டும் தெரியும், நீங்கள் எதற்காக அங்கே இறங்குகிறீர்கள் என்று. தெரிந்தேதான் பக்கத்தில் இருந்தேன். மாதா மாதம் அந்தச் சத்தத்தைக் கேட்டேன்.

அதற்குப் பின் வந்த ஒன்பதாவது லெந்துக்கு முந்திய திருவிருந்தில் நீங்கள் எழ முடியாமல் சாய்ந்தீர்கள். என் தோளில்தான் விழுந்தீர்கள். நான் இந்தப் பக்கம் பிடித்தேன், அவள் அந்தப் பக்கம் பிடித்தாள். உங்கள் முதுகுக்குப் பின்னால் அவள் கையும் என் கையும் பட்டன. யாரும் கையை எடுக்கவில்லை, எடுத்தால் நீங்கள் விழுந்துவிடுவீர்கள். வெளியே மரத்தடி சிமெண்டு பெஞ்சில் உங்களை உட்கார வைத்தபின் அவள் தண்ணீர் கொண்டுவரப் போனாள்.

"ஞானம், ஒண்ணு சொல்லணும்டி."

"சொல்லுங்கக்கா."

"அந்த வருஷம் ஜாடியில ஈரக் கரண்டியப் போட்டது நான்தான்."

"தெரியும்."

நீங்கள் என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள். "எப்போலருந்து தெரியும்?"

"நீங்க போட்டப்போலருந்து. நான் கதவண்ட நின்னுட்டு இருந்தேன்."

"அடிப்பாவி! தெரிஞ்சும் ஏன்டி சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

"ஒம்போது வருஷமா?"

"ஒம்போது லெந்துக்கா."

முதலில் சிரித்தீர்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். சிரிப்பு எங்கே அழுகையானது என்று எனக்கே தெரியவில்லை. பிறகு முட்டியில் கையை வைத்துக்கொண்டு கேட்டீர்கள். "இதப் பாத்துமா?"

நான் குனிந்து உங்கள் முந்தானையைச் சரிசெய்தேன். அவள் தண்ணீரோடு வந்துவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை திராட்சை பிசைய எல்லாரையும் கூப்பிட்டீர்கள். பாக்கியம் பெரியம்மா அப்போது இல்லை, மற்றவர்கள் எல்லாரும் வந்தார்கள். என்னையும் கையைப் பிடித்து இழுத்து வந்தீர்கள். ஜெபம் முடிந்ததும் நின்றபடியே சொன்னீர்கள். "அந்த வருஷம் ரசம் கெட்டது என்னால. என் ஈரக் கரண்டியால. ஞானத்தக் கையக் கட்டி நிக்க வெச்சு, நான் வாயக் கட்டிக்கிட்டேன். அவ என்ன மன்னிக்கணும், ஆண்டவரும் மன்னிக்கணும்." அப்புறம் காய்ந்த கரண்டியை என் கையில் கொடுத்தீர்கள். "இனிமே கலக்கறது ஞானம்."

உங்கள் வயதில், உங்கள் மதிப்பில் இருக்கிற ஒருத்தி அத்தனை பேர் முன்னால் அப்படிச் சொல்லி நான் பார்த்ததில்லை. என் மனதிலிருந்த உங்கள் கணக்கு அந்த நிமிடமே தீர்ந்தது.

அவள் இருந்தாளே, அதே கட்டிலில்? எல்லாரும் அவளைத்தான் பார்த்தார்கள். புடவையை இழுத்து விட்டுக்கொண்டாள். "அதுக்கு இன்னாக்கா இப்போ? எப்பவோ நடந்தது. நான் இன்னா சொன்னேன்னே எனக்கு ஞாபகம் இல்ல."

"எனக்கு இருக்கு" என்றேன். அவள் சொன்னதை அப்படியே, அவள் நிறுத்திய இடத்தில் நிறுத்தி, அந்த "எப்படிம்மா" வரை திருப்பிச் சொன்னேன். தேவிகா கூட இந்த முறை ஹோக்லி என்று சொல்லவில்லை.

அவள் சொன்னாள், "அப்படியா சொன்னேன்? சொல்லியிருப்பேன்."

சொல்லியிருப்பேன்! அது ஒரு பதிலா, அக்கா? அந்தச் சொல்லுக்குத்தான் இன்று வரை நான் அவளை விடவில்லை. முதல் வார்த்தையைக் கூட ஒருவேளை விட்டிருப்பேன்.

நான் பிசைந்தேன். ரசம் நின்றது, கண்ணாடி மாதிரி. டாக்டர் உங்களை முழங்கால் போடக்கூடாது என்று சொல்லிவிட்டார். நீங்கள் விடுகிறவரா? கிராதிக்கு நடுவில் ஒரு முக்காலியைப் போடச் சொன்னீர்கள். அதில் உட்கார்ந்து, அந்தப் பக்கம் அவளையும் இந்தப் பக்கம் என்னையும் வைத்துக்கொண்டு திருவிருந்து எடுத்தீர்கள். "ராணி மாதிரி உட்காந்திருக்கீங்க" என்று சாராள் கேலி செய்தாள். நான்கு வருடம் அந்த முக்காலி. உங்களை நான் மன்னித்துவிட்டேன், அவளிடமிருந்து இனி என்னைக் காக்க வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நீங்கள் முன் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கலாம். பாத்திரம் உங்களைத் தேடி வந்திருக்கும். நான் சொல்லவில்லை. நடுவில் நீங்கள் இருப்பது எனக்கு வசதியாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் தினமும் வந்து உங்கள் முட்டிக்குத் தைலம் தேய்த்தேன். "அமுக்கி தேய், உன் கை பலம் யாருக்கும் இல்ல" என்றீர்கள். தேய்த்துக்கொண்டே இருந்தேன். நீங்கள் மரத்தடியில் கேட்ட கேள்விக்குப் பதில் என் தொண்டை வரை வந்தது. எனக்குத்தான் அந்த இடத்தில் தொண்டை கட்டிக்கொள்ளுமே. கையால் சொன்னேன், வாயால் சொல்லவில்லை. வியாழக்கிழமை போய்விட்டீர்கள்.

இப்போது சொல்கிறேன். ஆமாம் அக்கா. அதைப் பார்த்தும்தான். உங்கள் முட்டி தேயட்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நீங்கள் வாய் மூடியது ஒரு நாள். நான் மூடியது ஒன்பது வருடம். என்னை மன்னித்துவிடுங்கள். இந்த வார்த்தையை வாழ்நாளில் யாரிடமும் நான் கேட்டதில்லை, என் வீட்டுக்காரரிடம் கூட. உங்களிடம் கேட்கிறேன்.

நீங்கள் போன பிறகு வந்த முதல் ஞாயிறு, கோயிலைக் கூட்டுகிறவர் பழக்கத்தில் முக்காலியைக் கொண்டுவந்து நடுவில் போட்டிருந்தார். அந்தப் பக்கம் அவள் வந்து முழங்கால் போட்டாள். இந்தப் பக்கம் நான். நடுவில் வெறும் முக்காலி. போதகர் அவளுக்குப் பாத்திரத்தைக் கொடுத்துவிட்டு, முக்காலி அண்டை வந்து ஒரு நொடி தயங்கினார். யாராவது வந்து அதில் உட்காருவார்களா என்று நானும் பார்த்தேன். யார் வருவார்கள்? எனக்காகத் தேய யார் முட்டி இருக்கிறது இன்னும்? நானே கையை நீட்டி அதைப் பின்னால் தள்ளினேன். கல் தரையில் அது கீச்சென்றது. அவள் திரும்பிப் பார்த்தாள். நான் பார்க்கவில்லை. பாத்திரம் அவளிடமிருந்து நேராக என்னிடம் வந்தது. போதகர் துடைத்த ஈரம் விளிம்பில் இருந்தது. அதிலேயே வாய் வைத்துக் குடித்தேன். நான் கலக்கிய ரசம், இனிப்பாகத்தான் இருந்தது.

மன்னித்துவிட்டேன் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். குடித்தேன், அவ்வளவுதான். மாதா மாதம் குடிக்கிறேன். அவளும் நானும் இப்போது தோளோடு தோள்தான் முழங்கால் போடுகிறோம். அவளுக்கும் எழும்போது முட்டி நொடிக்கிறது. எனக்குக் கேட்கிறது. போன மாதம் அவள் எழ முடியாமல் கிராதியைத் தேடியபோது என் கை அவள் முழங்கைக்குக் கீழே போனது. நான் சொல்லிப் போகவில்லை, அதுவாகப் போனது.

ஜாடியைக் கழுவி, உலர்ந்த துணியால் துடைத்து, வெயிலில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். மூன்று நாள் காய வேண்டும். கரண்டியும் உள்ளேதான் இருந்தது, அதையும் வைத்திருக்கிறேன். மாசி வந்தால் சிவாஜி நகர் போவேன். இப்போது பாயின் மகன்தான் கடையில்.

இன்று காலையில் பரமண்டல ஜெபம் சொன்னேன். அந்த வரியில் வழக்கம் போல வாய் நின்றது. நீங்கள் இடித்த இடத்தில், இடுப்புக்கு மேலே, இடித்த மாதிரியே இருந்தது. சரி, சொல்கிறேன் என்றேன். பல்லும் கொட்டியாயிற்று. வாயைத் திறந்து, உங்களுக்கும் கேட்கும்படி சத்தமாகவே சொன்னேன்.

ஆண்டவரே, எல்லாரையும் விட்டுவிட்டேன். பொடி போட்ட பாக்கியம் பெரியம்மாவை, கடிகாரம் பார்த்த சாராளை, துணி மடித்த மேரி புஷ்பத்தை. நான் மன்னிக்காதவள் ஒருத்தி இருக்கிறாள்.

அவள் பேர் எஸ்தர் ராணி.